பக்கம் நூற்றெண்பது வரை

கடை திறக்குமுன் நீலப் பெட்டிகள் வந்திருக்கும்.
இரவோடிரவாக லொறி இறக்கிவிட்டுப் போனவை.
நான் நாடா வெட்டுவேன். ஹெனிங் கோப்பி போடுவான்.
மார்லீஸ் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு
ஒவ்வொன்றாய் விரித்து மணப்பாள்.
மூக்கால்தான் முதலில் வாசிப்பாள் அவள்.

வூப்பர்டாலில் மழைக்குக் குறைவில்லை.
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ரயில் போகும்.
நனைந்தவர்கள் ஒதுங்க ஒரு கதவு வேண்டும்,
அதில் பிழைக்கிறோம்.
ஒதுங்கியவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டுமே:
மாசத்துக்கு ஆளுக்கு நாலு புத்தகம், நாலு அட்டை,
சொந்தக் கையெழுத்தில். கீழே பெயர்.

ஹெனிங் எழுதுவான்: "இரவு மூன்று மணி. விளக்கை அணைக்க முடியவில்லை."
அவனுடைய எல்லா அட்டையிலும் மூன்று மணிதான்.
பத்துக்கே குறட்டை என்று
அவனுடைய காதலன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.
மார்லீஸ் மூன்று சொல் தாண்டமாட்டாள்.
"மெதுவாக."
"மழை நாளுக்கு அல்ல."
ஒருமுறை வெறுமனே "ஐயோ."
அது என்னிடமிருந்து களவெடுத்த சொல்.
என்ன மொழி என்று கேட்டுக் கேட்டே
நாற்பது பிரதி போனது.

நான் கதையைச் சொல்லிவிடுவேன். அது என் குறை.

மார்ச்சில் ஒரு சிறிய நாவல்.
ஒரு வெளிச்சவீடு, அதைக் காக்கிற பெண்,
ஒரு காது மட்டும் உள்ள நாய்.
நூற்றெண்பது பக்கம் வாசித்தேன். மிச்சம் ஐம்பத்தொன்று.
அன்று எனக்குப் பல்லுக்கொதி, மறுநாள் கணக்கெடுப்பு.
இந்த ஊரில் கேட்பது ஒரே கேள்வி.
போர் இருக்கலாம், கொலை இருக்கலாம்,
நாய் செத்துப்போகுமா?
எழுதினேன்:
"நாய் சாகாது. தர்மிகா."

ஒரு வெள்ளிக்கிழமை ஓல்பிரிஷ் வந்தார்,
தொங்குரயில் ஓட்டுகிறவர். சீருடையில் ஈரம்.
மேசையில் புத்தகத்தை வைத்தார்.
இருநூற்றுப் பதினொன்றில் ஒரு டிக்கெட் செருகியிருந்தது.
"அவன் செத்துவிட்டான்" என்றார்.
டொச்சில் நாய் அவன். தமிழில் அது.
எனக்கு அதுவாகத்தான் கேட்டது முதலில்.
பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"மகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.
பதினொரு வயது. உங்கள் அட்டையைப் பார்த்து
அவள் எடுத்த புத்தகம் இது.
கண் அந்த வரிக்கு முந்திப் போய்விட்டது.
வாய் நிற்கவில்லை.
மிச்ச இருபது பக்கமும் நானாகச் சொன்னேன்.
நீந்திக் கரை ஏறினான்.
இப்போது ஒரு மீன்கடைக்காரியோடு இருக்கிறான்.
அவள் இரண்டாம் பாகம் கேட்கிறாள்.
இருக்கிறதா?"

நூற்றெண்பது வரைதான் வாசித்தேன் என்றேன்.
கோபப்படவில்லை. யோசித்தார்.
"வூப்பர்பெல்ட் வரை ஓட்டிவிட்டு
கடைசித் தரிப்பிடத்துக்கு முன்னே
நான் இறங்கிப்போனால்?"
கீழே ஆறு, மேலே தண்டவாளம், நடுவில் சனம்.
எனக்குப் பதில் இல்லை.

அட்டையை மாற்றினேன்:
"நூற்றெண்பதாம் பக்கம் வரை வாசித்தேன்.
அதுவரை நாய்க்கு ஒன்றுமில்லை.
அதற்குப் பிறகு உங்கள் பாடு."
மார்லீஸ் பார்த்தாள், மூச்சுக் காட்டவில்லை.
அடுத்த திங்கள் ஹெனிங்கின் அட்டையில்:
"ஒன்பதே முக்கால். உறங்கிவிட்டேன்.
நாளைக்கும் எடுப்பேன்."
அந்த மாசம் அவனுடையதுதான் கனக்க விற்றது.

ஓல்பிரிஷ் அன்று போகும்போது
கோடுபோட்ட கொப்பி ஒன்று வாங்கினார், இரண்டு யூரோ நாற்பது.
இதற்கும் அட்டை எழுதவா என்றேன்.
"முடியட்டும்" என்றார்.

வேலை விட்டு வரும்போது
தொங்குரயிலின் முன் பெட்டியில்தான் ஏறுகிறேன்.
பையில் அந்த நாவல் இருக்கிறது.
இருநூற்றுப் பத்தில் நிற்கிறேன், மூன்று வாரமாக.
கண்ணாடிக்கு அப்பால் அவருடைய தோள்.
மீன்கடைக்காரிக்கு என்ன பெயர் வைத்தார்
என்று கேட்க வேண்டும்.